கடை ஆப்புக்கு மாறிவிட்டது, கார்பன் குறைந்ததா?

தென்சென்னையில் குடும்ப மளிகைக் கடை நடத்தும் 44 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். கடையைத் தொடங்கியவர் அவருடைய மாமனார். 2021 ஊரடங்கில் வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுக்க ஆரம்பித்தார்கள். அப்புறம் கணவரின் அண்ணன் மகன் ஒரு ஆப் செய்து கொடுத்தார். இப்போது பில் போனுக்குப் போகிறது, பணம் கியூஆரில் வருகிறது, ஸ்டாக் கணக்கு கிளவுடில் (இணையம் வழியாக எங்கோ ஒரு டேட்டா சென்டரில் இருக்கும் சர்வரில்) இருக்கிறது. நான்கு பையன்கள் பெட்ரோல் ஸ்கூட்டரில் அரை மணி நேரத்துக்குள் வீட்டு வாசலில் சாமான் கொடுத்துவிடுகிறார்கள். மாத விற்பனை 9 லட்சத்திலிருந்து 24 லட்சமாகியிருக்கிறது.

"காகிதமே இல்லை, கோயம்பேடு மார்க்கெட் ட்ரிப் மாதம் 24-லிருந்து 13 ஆகிவிட்டது, அதனால் நம் கடையின் கார்பன் பாதியாகிவிட்டது என்கிறான் ஆப் செய்த பையன். பைகளில் 'கார்பன் இல்லா டெலிவரி' என்று அச்சடிக்கலாமாம். ஒருவர் 40,000 ரூபாய்க்குச் சான்றிதழே வாங்கித் தருவதாகச் சொல்கிறார். ஆனால் கரண்ட் பில் இரண்டு மடங்காகியிருக்கிறது. என் மாமியாரோ, 'அப்போ எல்லாரும் நடந்து வந்து வாங்கிட்டுப் போனாங்க, இப்போ அரைக் கிலோ சர்க்கரைக்கு ஒரு வண்டி போகுது, இதுல என்ன மிச்சம்?' என்று கேட்கிறார். எனக்குப் பதில் தெரியவில்லை. நான்கு மின்சார ஸ்கூட்டர் வாங்கக் கடன் எடுக்கலாமா? மொட்டை மாடியில் சோலார் போடலாமா? நாங்கள் கிளவுடுக்குப் போனதால்தான் ஊரில் இத்தனை டேட்டா சென்டர் வருகிறது என்று மகள் சொல்கிறாளே, அது உண்மையா?" இதுதான் கடிதத்தின் சாரம். மின் அளவு, பெட்ரோல் கணக்கு எல்லாவற்றையும் அக்கறையாகச் சேர்த்து அனுப்பியிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

கரண்ட் பில்லையும் பெட்ரோல் நோட்டையும் நீங்களே எடுத்துப் பார்த்து, 'ஏதோ இடிக்கிறதே' என்று யோசித்தீர்கள் பாருங்கள், எரிசக்தித் தணிக்கை என்பது அதுதான். நான் தொழிற்சாலைகளில் செய்யும் வேலையும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. நீங்கள் அனுப்பிய எண்களை வைத்தே பேசுவோம்.

இதற்கு மூன்று எண்கள் போதும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோ கரியமில வாயு வரும் (நாம் சுருக்கமாகக் கார்பன் என்பது இதைத்தான்). டீசல் என்றால் 2.7 கிலோ. நம் நாட்டு மின் தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ. உங்கள் கடையில் எந்தப் புகையும் வராமல் இருக்கலாம். ஆனால் சுவிட்சைப் போட்டால் நிலக்கரி எண்ணூர்ப் பக்கம் எரிகிறது, சாம்பல் கொசஸ்தலை ஆற்றங்கரையில் சேர்கிறது. மின்சாரத்தைச் சுத்தமானது என்று கணக்கிலிருந்து விட்டுவிடுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் முதல் தவறு.

2021-இல் மாதம் 1,100 யூனிட் மின்சாரம், 15 லிட்டர் பெட்ரோல், கோயம்பேடு போய்வர 48 லிட்டர் டீசல் என்று எழுதியிருக்கிறீர்கள். கூட்டினால் மாதம் சுமார் 935 கிலோ. இன்று 2,300 யூனிட், 190 லிட்டர் பெட்ரோல், 26 லிட்டர் டீசல். கூட்டினால் சுமார் 2,117 கிலோ. பாதியாகவில்லை சகோதரி, இரண்டு மடங்குக்கு மேல் ஆகியிருக்கிறது.

பையன் பொய் சொல்லவில்லை. அவர் குறைந்த இரண்டை மட்டும் எண்ணினார், கூடியதை எண்ணவில்லை. கோயம்பேடு ட்ரிப் குறைந்தது உண்மையான லாபம். எது எவ்வளவு விற்கும் என்று ஸ்டாக் கணக்கு முன்கூட்டியே சொல்வதால் குட்டியானை வண்டி நிறைந்த லோடோடு வருகிறது, காய்கறி அழுகுவதும் குறைந்திருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் டீசலில் மிச்சமானது மாதம் 60 கிலோ. காகிதத்தில் மிச்சம் அதைவிடக் குறைவு. ஒரு நாளைக்கு 200 பில் என்றாலும் மாதம் ஐந்தாறு கிலோ தாள்தான், அதன் கார்பன் 10 கிலோவைத் தாண்டாது. (அந்த வழவழப்பான பில் தாளில் வேதிப்பூச்சு இருப்பதால் அதைத் தவிர்ப்பது நல்லதுதான். காரணம் மட்டும் வேறு.)

ஒரு லட்சத்துக்கு எவ்வளவு, மொத்தம் எவ்வளவு

உங்கள் குழப்பத்துக்கு மூலகாரணம் இங்கேதான் இருக்கிறது. நகரங்களைப் பற்றிப் பேசும்போது 'கார்பன் செயல்திறன்' என்று ஒரு சொல் வரும். ஒரு டன் கார்பனை வெளியிட்டு எவ்வளவு ரூபாய்க்குப் பொருளாதாரம் நடக்கிறது என்ற கணக்கு அது. உங்கள் கடையில் முன்பு ஒரு லட்ச ரூபாய் விற்பனைக்கு 104 கிலோ, இப்போது 88 கிலோ. அதாவது லட்சத்துக்கு ஆகும் கார்பன் 15 சதவீதம் குறைந்து, செயல்திறன் கூடியிருக்கிறது. மொத்தமோ இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. இரண்டுமே ஒரே நேரத்தில் உண்மை. வானத்துக்குப் போவது மொத்தம்தான்.

அந்த 15 சதவீதத்திலும் ஒரு ஓட்டை இருக்கிறது. 2021 பில் ஒன்றை எடுத்துத் துவரம் பருப்பு, எண்ணெய், பால் பவுடர் விலையை இன்றைய பில்லோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சராசரியாகக் கால் பங்கு விலை ஏறியிருக்கிறது என்று வைத்துக்கொண்டால், இன்றைய 24 லட்சம் பழைய விலையில் 19 லட்சம் சொச்சம்தான். அப்போது லட்சத்துக்கு 110 கிலோ வருகிறது. சாமானின் அளவை வைத்துப் பார்த்தால் உங்கள் கடை கொஞ்சம் பின்னுக்குத்தான் போயிருக்கிறது. ரூபாயை வகுத்தியாக வைத்துச் சொல்லப்படும் எந்தக் கார்பன் கணக்கைப் பார்த்தாலும் விலைவாசியைக் கழித்தார்களா என்று முதலில் கேளுங்கள். பெரிய நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளைப் படிக்கும்போதும் நான் இதைத்தான் தேடுவேன்.

நகர அளவில் இதை அதிகம் ஆராய்ந்தவர்கள் சீனர்கள். 2014 முதல் 2016 வரை மூன்று கட்டங்களாக நூற்றுக்கும் மேற்பட்ட நகரங்களை அதிவேக இணைய முன்னோடிகளாக அந்நாட்டு அரசு தேர்ந்தெடுத்தது. தேர்வான நகரங்களையும் ஆகாதவற்றையும் ஒப்பிட்டுப் பல ஆய்வுகள் வந்துள்ளன. பொதுவாக அவை சொல்வது, டிஜிட்டல் பொருளாதாரம் வளர்ந்த இடங்களில் கார்பன் செயல்திறன் கூடுகிறது என்பதுதான். பழைய புகைத் தொழில்களின் பங்கு குறைந்து சேவைத் தொழில் வளர்வதும், இயந்திரங்களைக் கண்காணித்து வீணடிப்பைக் குறைப்பதும் காரணங்கள். ஆனால் பலன் எல்லா ஊரிலும் ஒரே மாதிரி இல்லை. டிஜிட்டல் வசதியே மின்தேவையைக் கூட்டுவதால் ஆதாயத்தில் ஒரு பகுதி கரைந்துபோகிறது என்றும் சில ஆய்வுகள் காட்டுகின்றன. ஜெவான்ஸ் என்ற ஆங்கிலேயப் பொருளியலாளர் 1865-இலேயே நிலக்கரியை வைத்து இதைச் சொன்னார்: இயந்திரம் சிக்கனமானால் நிலக்கரிச் செலவு குறையாது, இன்னும் பத்து இடங்களில் இயந்திரம் வைப்பார்கள். உங்கள் கடையில் அந்தப் பத்து இடங்கள் எவை என்று பார்ப்போம்.

கூடியது எங்கே

மாதம் 1,200 யூனிட் கூடியிருக்கிறது. நீங்கள் கொடுத்த விவரங்களை வைத்து என் கணிப்பு இது: பின் அறையில் 22 டிகிரியில் இரவும் பகலும் ஓடும் ஏசி 720 யூனிட். கண்ணாடி மூடி போட்ட இரண்டு பழைய ஃப்ரீசர்கள் 420 யூனிட். இரண்டு கம்ப்யூட்டர், ரவுட்டர், சார்ஜர், கியூஆர் பணம் வந்தால் பேசும் அந்தச் சின்னப் பெட்டி எல்லாம் சேர்த்து 60 யூனிட். 'டிஜிட்டல்' என்று நாம் சொல்லும் பொருள்கள் எடுப்பது இந்தக் கடைசிச் சொச்சத்தைத்தான். மீதியெல்லாம் குளிரூட்டல்.

அந்த ஏசி ஏன் ஓடுகிறது என்றால், 'கம்ப்யூட்டர் சூடாகிவிடும்' என்று பையன் சொன்னதால் என்று எழுதியிருக்கிறீர்கள். பில் போடும் சாதாரணக் கம்ப்யூட்டருக்கு ஏசி தேவையில்லை. தூசி தட்டி, பின்பக்கம் காற்றுப்போக இடம் விட்டு, ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்தால் போதும். சாக்லேட், நெய் இருக்கும் அறை என்பதால் ஏசியை அடியோடு நிறுத்தச் சொல்ல மாட்டேன். 26 டிகிரியில் வையுங்கள், காலை 10 முதல் இரவு 10 வரை போதும். ஒரு டிகிரி ஏற்றினாலே ஏறக்குறைய 6 சதவீதம் மிச்சம் என்று மத்திய அரசின் எரிசக்தித் திறன் செயலகம் சொல்கிறது. இதில் மட்டும் 400 யூனிட்டுக்கு மேல் குறையும். ஃப்ரீசர் இரண்டும் பாதிதான் நிறைகின்றன என்றால் ஒன்றாக்கிவிடுங்கள். அதில் 210 யூனிட் மிச்சமாகும். ரப்பர் விளிம்பில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தாள் சுலபமாக வந்துவிட்டால் குளிரும் அந்த வழியாகத்தான் போகிறது.

அரை மணி நேர வாக்கு

அடுத்தது வண்டிகள். நாளைக்கு 70 ஆர்டர், ஆர்டருக்குப் போய்வர சராசரி 4 கிலோமீட்டர், ஆக 280 கிலோமீட்டர். உங்கள் பெட்ரோல் கணக்கும் இதோடு ஒத்துப்போகிறது. அரை மணி என்று வாக்குக் கொடுத்துவிட்டதால் ஒரே தெருவுக்கு இருபது நிமிட இடைவெளியில் இரண்டு வண்டிகள் போகின்றன. உங்கள் மாமியார் பார்த்தது இதைத்தான்.

நேரத்தைப் பிரித்துப் பாருங்கள். காலை 7, 11, மாலை 5, இரவு 8 என்று நான்கு வேளை. ஐந்தாறு ஆர்டரை ஒரே சுற்றில் கொடுத்தால் ஒரு சுற்று 7 கிலோமீட்டர் ஆகட்டும், ஒரு நாளைக்கு 14 சுற்று, 98 கிலோமீட்டர். பெட்ரோல் மூன்றில் ஒரு பங்காகிவிடும். மாதம் 120 லிட்டருக்கு மேல் மிச்சம், அதாவது சுமார் 285 கிலோ கார்பன். லிட்டர் 100 ரூபாய் என்றால் 12,000 ரூபாய்க்கு மேல் கையில் நிற்கும். இதற்கு நீங்கள் முதல் போட வேண்டியதில்லை. எந்த ஆர்டரை எதோடு சேர்ப்பது என்று ஆப்பே சொல்லும்படி செய்யலாம். டிஜிட்டல் உண்மையிலேயே கார்பனைக் குறைக்கும் இடம் இதுதான், வண்டி சாலையில் இறங்காமலே போகும் ஒவ்வொரு முறையும்.

இப்போது மின்சார ஸ்கூட்டர். அது கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 25 கிராம், பெட்ரோல் ஸ்கூட்டர் 52 கிராம். நம் மின்சாரத்தில் நிலக்கரி இருப்பதால் பாதிதான் குறையும், பூஜ்யம் ஆகாது. இன்றைய ஓட்டத்திலேயே நான்கு வண்டியும் மாற்றினால் மாதம் 225 கிலோ குறையும், கடன் நான்கு லட்சத்தைத் தாண்டும். நேரம் பிரிப்பதில் கடனே இல்லாமல் அதைவிட அதிகம் குறைகிறது. ஆகவே முதலில் சுற்றுகளைக் குறையுங்கள். ஓட்டம் குறைந்த பிறகு இரண்டு வண்டி போதும் என்று தெரியவரும், அப்போது அந்த இரண்டை மின்சார வண்டியாக வாங்குங்கள். சார்ஜ் போடுவதை நண்பகலில் வைத்துக்கொள்ளுங்கள். பகலில் தமிழ்நாட்டுத் தொகுப்பில் சூரிய மின்சாரம் நிறைய இருக்கும், இரவு 7 மணிக்கு மேல் அனல் மின்சாரத்தின் பங்கு ஏறும். மாடிப்படிக்குக் கீழே, கோணிச் சாக்குகள் பக்கத்தில் மட்டும் சார்ஜ் போட விடாதீர்கள்.

வாடிக்கையாளர் பத்து நிமிட ஆப்களுக்குப் போய்விடுவாரோ என்ற பயம் நியாயமானது. சிலர் போகலாம். அதனால் அவசர டெலிவரியை ஒரேயடியாக எடுக்காதீர்கள். குழந்தை உணவு, திடீர் விருந்தாளி, உடம்பு முடியாதவர் வீடு, இவற்றுக்கு இருக்கட்டும். மற்றவர்களுக்கு ஆப்பில் 'மாலை 5 மணிச் சுற்று' என்பதை முதல் தேர்வாக வைத்து, 'உடனே வேண்டும்' என்பதற்குச் சிறு கட்டணம் போடுங்கள். பெரும்பாலானவர்களுக்கு அரை மணி தேவையே இல்லை. நாம் கொடுப்பதால் எடுத்துக்கொள்கிறார்கள். இன்னொன்றும் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அந்த நான்கு பையன்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வேளச்சேரி சாலையில் வண்டி ஓட்டுகிறார்கள். கார்பன் ஒரு கிராம் கூடக் குறையாவிட்டாலும் அந்த அவசரத்தை நீக்குங்கள் என்றுதான் சொல்வேன்.

அரைக் கிலோமீட்டருக்குள் இருக்கும் வீடுகளுக்குச் சைக்கிள் போதும். உங்கள் மாமனார் காலத்தில் கடைப் பையன் கேரியரில் அரிசி மூட்டை கட்டிக்கொண்டு போனது உங்கள் மாமியாருக்கு நினைவிருக்கும்.

சோலாரும் சட்டமும்

கடைக்கு மேலேதான் வீடு என்கிறீர்கள். 2024-இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தின் மானியம் வீட்டு மின் இணைப்புக்கு மட்டுமே. 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை கிடைக்கும், மாதம் 350 யூனிட் போல எதிர்பார்க்கலாம். தாராளமாகப் போடுங்கள். ஆனால் வீட்டு இணைப்பிலிருந்து கீழே கடைக்கு ஒயர் இழுக்காதீர்கள். வீட்டுக் கட்டண மின்சாரத்தைக் கடைக்குப் பயன்படுத்துவது மின்சாரச் சட்டம் 2003-இன்படி அங்கீகாரமற்ற பயன்பாடு, அபராதத்தோடு வரும். கடை இணைப்பில் தனியாக சோலார் போடுவதென்றால் மானியம் இல்லாமல் கணக்குப் பாருங்கள். அதுவும் ஏசி, ஃப்ரீசர் வேலையை முடித்த பிறகு. இல்லாவிட்டால் வீணாகும் யூனிட்டுக்கும் சேர்த்துப் பலகை வாங்குவீர்கள்.

பையில் 'கார்பன் இல்லா டெலிவரி' என்று அச்சடிக்க வேண்டாம். இதை உறுதியாகச் சொல்கிறேன். 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சூழலுக்கு நல்லது என்று பொய்யாகக் காட்டும் 'பசுமைப் பூச்சு' விளம்பரங்களைத் தடுக்க வழிகாட்டுதல்களை வெளியிட்டது. 'பசுமை', 'சூழலுக்கு உகந்தது' போன்ற பொதுச் சொற்களுக்கும், கார்பன் நடுநிலை போன்ற குறிப்பான உரிமைகோரல்களுக்கும் சரிபார்க்கத் தக்க ஆதாரம் வேண்டும் என்கிறது அது. வணிகர்களுக்கும் அது பொருந்தும். தவறான விளம்பரத்துக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை, மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை அபராதம் விதிக்கலாம். 40,000 ரூபாய்ச் சான்றிதழ்க்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'எங்கள் மின்மீட்டரையும் பெட்ரோல் நோட்டையும் எப்போது பார்க்க வருகிறீர்கள்?' பார்க்காமலே தருகிறேன் என்றால் அந்தத் தாளுக்கு மதிப்பில்லை. 2023-இல் மத்திய அரசு அறிவித்த கார்பன் கிரெடிட் வர்த்தகத் திட்டத்தை (இலக்கைவிடக் குறைவாக வெளியிட்டவர் அந்த மிச்சத்தை விற்கும் ஏற்பாடு) காட்டிப் பயமுறுத்தினாலும் பணிய வேண்டாம். அதன் கட்டாய இலக்குகள் பெரிய ஆலைகளுக்குத்தான், மளிகைக் கடைக்கு இல்லை.

பையில் ஏதாவது போட்டே ஆக வேண்டும் என்றால் உண்மையைப் போடுங்கள். 'சென்ற ஆண்டு ஒரு ஆர்டருக்கு இவ்வளவு பெட்ரோல், இந்த ஆண்டு இவ்வளவு' என்று இரண்டே எண்கள், கணக்கைப் பார்க்க ஒரு கியூஆர். அந்தக் கணக்கை பையனே செய்து தருவார், ஆர்வம் உள்ளவர்தானே.

மகளின் கேள்வி

உங்கள் பில்லும் ஸ்டாக் கணக்கும் கிளவுடில் எடுக்கும் மின்சாரத்தை உங்கள் ஒரு ஃப்ரீசரோடு கூட ஒப்பிட முடியாது. அதற்காகக் குற்ற உணர்வு வேண்டாம். ஆனால் மகளின் கவலை தவறு இல்லை. சர்வதேச எரிசக்தி முகமையின் கணக்குப்படி 2024-இல் உலக மின்நுகர்வில் சுமார் 1.5 சதவீதம் டேட்டா சென்டர்களுக்குப் போனது. 2030-க்குள் அவற்றின் நுகர்வு இரண்டு மடங்குக்கு மேல் ஆகலாம் என்று அது கணிக்கிறது. இந்தச் சுமை உலகம் முழுக்கச் சமமாகப் பரவாது, சில ஊர்களில் குவியும். கடலடி இணையக் கேபிள்கள் வந்து சேரும் ஊர் என்பதால் சென்னை அவற்றில் ஒன்று. அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் அவை எழுவதைப் பார்க்கிறோம். தமிழ்நாடு 2021-இல் இதற்கென்று தனிக் கொள்கையே வெளியிட்டது.

கிளவுடைப் பயன்படுத்தும் கடைக்காரரைக் குறை சொல்வதைவிட ஊர்க்காரர்களாக நாம் கேட்க வேண்டியவை வேறு. இரவு 8 மணிக்கு அந்த மையத்துக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது? ஆண்டு முழுவதற்கும் சேர்த்துக் காற்றாலைக் கணக்குக் காட்டுவது போதாது. காற்றாலைகள் நிறைந்த ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று வீசுவது முக்கியமாக மே முதல் செப்டம்பர் வரை, சர்வரோ மார்கழியிலும் ஓடுகிறது. குளிரூட்டத் தண்ணீர் எது? கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை ஆலைகளுக்கு ஏற்ற அளவு சுத்திகரிக்கும் நிலையங்கள் ஆளுக்கொன்று இருக்கின்றன. ஏரித் தண்ணீரைத் தொடாமல் அந்த நீரைப் பயன்படுத்தச் சொல்லலாம். மகளிடம் சொல்லுங்கள், பகுதி சபைக் கூட்டத்தில் இவற்றை எழுந்து கேட்கலாம்.

மாமியாரின் கேள்விக்கு நான் இங்கிருந்து பதில் சொல்ல முடியாது, நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். நடந்து வந்திருக்கக் கூடியவர் வீட்டுக்கு வண்டி போனால் அது முழுக்கக் கூடுதல். காரை எடுத்துக்கொண்டு மாலுக்குப் போயிருக்கக் கூடியவர் வீட்டுக்குப் போனால் அது நிஜமான மிச்சம், உங்கள் கணக்கில் வராவிட்டாலும் ஊருக்கு லாபம். ஒரு வாரம் மட்டும் டெலிவரிப் பையன்களை ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: 'நாங்க வரலேன்னா எப்படிப் போய் வாங்கியிருப்பீங்க?' நடந்து, வண்டியில், காரில், வாங்கியே இருக்க மாட்டேன் என்று நான்கு பத்தி போட்ட நோட்டு. ஏழு நாளில் 490 பதில் வரும். அந்த நோட்டின் படத்தையும், ஏசியை 26-இல் வைத்த பிறகு வரும் அடுத்த மின்கணக்கு அட்டையையும் எனக்கு அனுப்புங்கள். ஸ்கூட்டர் கடனைப் பற்றி அதற்கப்புறம் பேசலாம்.